நிச்சயத்துக்கும் குல்லாவா?

கேள்வி: எனக்கு 27 வயது. கோத்தகிரி பக்கம் தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அப்பாவுக்குப் போலவே எனக்கும் முன்நெற்றி ஏறி, உச்சியிலும் முடி மெலிந்துவிட்டது. மினாக்சிடில் மூன்று வாரம் தடவினேன், கூடுதலாகக் கொட்டியதால் விட்டுவிட்டேன். வைகாசியில் நிச்சயம் நடந்தது. அன்றைக்கும் குளிர் என்று சொல்லிக் குல்லாவோடுதான் இருந்தேன். தை மாதம் கல்யாணம். கோவையில் ஒரு கிளினிக்கில் பி.ஆர்.பி. (சொந்த ரத்தத்தின் தட்டணுக்களைப் பிரித்துத் தலையில் ஊசியாகப் போடுவது) ஆறு சிட்டிங் என்கிறார்கள். இன்னொன்றில் 2,000 முடி வைத்து 95,000 ரூபாய்க்கு டிரான்ஸ்பிளான்ட், கூடவே ஸ்டெம் செல் இலவசம் என்கிறார்கள். கல்யாணத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் எடுக்கலாம் என்று இருக்கிறேன். இரண்டில் எது நல்லது?
— பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: தம்பி, வைகாசியில் கோத்தகிரியில் அப்படி என்ன குளிர்? கீழே வெயில் தாங்காமல் ஏறி வருகிறவர்கள் அரைக்கைச் சட்டையோடு சுற்றும் மாதம் அது. மண்டபத்துக்குள்ளே அத்தனை சனத்துக்கு நடுவில் மாப்பிள்ளை மட்டும் கம்பளிக் குல்லாவோடு உட்கார்ந்திருக்கிறார். இதைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டு, கேள்வியை டிரான்ஸ்பிளான்ட்டில் கொண்டுபோய் வைக்கிறீர்கள். எனக்கு அந்தக் குல்லாதான் உறுத்துகிறது.

பெண் பார்க்கப் போன அன்று உங்கள் வீட்டுப் பெண்கள் அவள் பின்னலைக் கவனிக்காமலா இருந்திருப்பார்கள்? சொந்த முடியா, சவுரியா என்று திரும்பி வரும்போது வண்டியில் பேசியிருப்பார்கள். அவளுக்கு அந்தச் சோதனை, உங்களுக்குக் குல்லா. இது எந்த ஊர் நியாயம்? அவளுக்கு விஷயம் தெரியும் என்று கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. தெரியாது என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் நீங்கள் கேட்பது தை மாதம்வரை மறைத்து வைக்க ஒரு வழி. அப்படி ஒரு வழி மருத்துவத்தில் கிடையாது. மாதக் கணக்கைப் பாருங்கள்.

இப்போது ஐப்பசி. இந்த மாதமே டிரான்ஸ்பிளான்ட் செய்தாலும், நட்ட முடி இரண்டாவது வாரத்திலிருந்து உதிரத் தொடங்கி, ஐந்தாறு வாரத்துக்குள் பெரும்பகுதி போய்விடும். வேர் உள்ளே உயிரோடு இருக்கும். கவாத்து வெட்டிய தேயிலைச் செடி குச்சி குச்சியாக நிற்பதைத் தினம் பார்க்கிறவருக்கு இதை விளக்க வேண்டாம். சிலருக்கு அந்த அதிர்ச்சியில் பக்கத்தில் இருந்த பழைய முடியும் சேர்ந்து கொட்டும். புதுத் துளிர் தலைகாட்ட மூன்று, நான்கு மாதம். பார்க்கிற மாதிரி நிறைய ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம். உச்சந்தலைக்கு அதைவிடவும் தாமதம். ஆக, தாலி கட்டுகிற நேரத்தில் இன்றைக்கு இருப்பதைவிட மோசமாகத்தான் இருப்பீர்கள். பி.ஆர்.பி.யும் நாலு வாரத்துக்கு ஒன்றாகப் போட்டு மூன்றாம் மாதம் தாண்டித்தான் ஏதாவது தெரியும். அதுவும் எல்லோருக்கும் தெரியாது.

எது நல்லது என்ற கேள்வியே கோணல். பி.ஆர்.பி. என்பது உயிரோடு இருக்கிற செடிக்கு வைக்கும் உரம். மெலிந்த முடி கொஞ்சம் தடிக்கலாம், கொட்டுவது குறையலாம். வழவழவென்று ஆகிவிட்ட இடத்தில் ஒரு முடியைக்கூட அது முளைக்க வைக்காது. டிரான்ஸ்பிளான்ட் என்பது பிடரியில் இருப்பதைப் பிடுங்கி முன்னால் நடுவது. தலையில் இருக்கும் மொத்த முடியின் எண்ணிக்கை ஒன்றுகூட அதிகரிக்காது. முன்நெற்றி ஏறிய இடத்துக்கு முதலாவது பயன்படாது, உச்சியில் மெலிந்த இடத்துக்கு இரண்டாவது இப்போதே தேவைப்படாது. உங்களுக்கு இரண்டு விதமான இடமும் இருக்கிறது.

பி.ஆர்.பி.க்குப் போவதென்றால் குழாயைக் கவனியுங்கள். கையிலிருந்து சுமார் 20 மில்லி ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க சிட்ரேட் கலந்த குழாயில் சுற்ற விடுவார்கள். முதல் சுற்றில் சிவப்பு அடியில் தங்கும், மேலே வெளிர்மஞ்சள் திரவம், நடுவில் மெல்லிய வெள்ளைப் படலம். மஞ்சளையும் படலத்தையும் மட்டும் எடுத்து மறுபடி, இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் தட்டணுக்கள் அடியில் சேரும். மேலே இருக்கும் மூன்றில் இரண்டு பங்கைக் கொட்டிவிட்டு மிச்சத்தைத்தான் ஊசியில் ஏற்றுவார்கள், மூன்று நான்கு மில்லி தேறும். ஒரே சுற்றோடு முடித்து பெரிய சிரிஞ்ச் நிறைய மஞ்சள் தண்ணீரைக் காட்டினால் அது பெரும்பாலும் வெறும் பிளாஸ்மா. இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணு கலந்திருக்கிறது, வலிதான் கூடும். ஊசி போடும் வாரத்தில் ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை போட்டால் தட்டணு சரியாக வேலை செய்யாது, டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். முதலில் மூன்று சிட்டிங்குக்கு மட்டும் பணம் கட்டுங்கள். முதல் நாளே படம் எடுத்து வைத்து, மூன்று மாதம் கழித்து அதே வெளிச்சத்தில் ஒப்பிட்ட பிறகு மிச்சத்தை யோசிக்கலாம். பலன் கிடைத்தாலும் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு தடவை தொடர வேண்டியிருக்கும்.

அந்த இலவச ஸ்டெம் செல்லை மறந்துவிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாம் அனுமதி பெற்ற ஆராய்ச்சியாக மட்டுமே நடக்கலாம். முடிக்கு அதை விற்க முடியாது. பல இடங்களில் அதே பி.ஆர்.பி.க்குத்தான் இந்தப் பெயர்ப்பலகை.

டிரான்ஸ்பிளான்ட்டில் உங்கள் ஆள் 2,000 முடி என்று சொன்னாரா, 2,000 கிராஃப்ட் (வேரோடு பெயர்த்து நடும் முடிக்கொத்து) என்று சொன்னாரா? ஒரு கிராஃப்ட்டில் ஒன்று முதல் நான்கு முடிவரை இருக்கும், சராசரி இரண்டு. 2,000 முடி என்றால் ஆயிரம் கிராஃப்ட்தான், பாதிச் சரக்கு. எஃப்.யு.டி. முறையில் பிடரியில் ஒரு பட்டை தோலை வெட்டி எடுத்துத் தைப்பார்கள், கோடு மாதிரித் தழும்பு நிற்கும். எஃப்.யு.இ. முறையில் ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்ட குழல் முனையால் ஒவ்வொன்றாகத் தோண்டுவார்கள். முடி தோலுக்குள் சாய்ந்திருக்கும் கோணத்தைக் கை தவறவிட்டால் வேர் வெட்டுப்படும். எண்ணிக்கைக்காக அளவுக்கு மேல் தோண்டினால் பிடரி பூச்சி அரித்த கம்பளி மாதிரி ஆகும். அந்த நிலம் ஆயுளுக்கும் ஒன்றுதான். 27 வயதில் அதைச் செலவழித்து நெற்றியை இறக்கி நட்டால், பின்னால் இருக்கும் சொந்த முடி தொடர்ந்து கொட்டி, முப்பத்தைந்தில் முன்னால் ஒரு திட்டும் நடுவில் வெற்றிடமுமாக நிற்பீர்கள். அப்பாவின் தலையைப் பாருங்கள், உங்கள் வரைபடம் அங்கே இருக்கிறது.

யார் தோண்டுகிறார், யார் மரத்துப்போகும் ஊசி போடுகிறார், அவசரத்துக்கு என்ன இருக்கிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள். யூடியூபும் பயிலரங்கும் பார்த்து யாரும் இதைச் செய்யக்கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே எழுத்தில் சொல்லிவிட்டது. 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவரே அதன்பிறகு உயிரை விட்டார்.

இன்னொன்று. செய்துகொண்ட முதல் பத்து நாள் உங்கள் குல்லா தலையில் ஏறக்கூடாது. கம்பளி நூல் பொருக்கில் மாட்டினால் கிராஃப்ட் ரத்தத்தோடு வரும். ஹெல்மெட்டும் கூடாது. சட்டைகூட பட்டன் வைத்ததாக இருக்க வேண்டும், தலை வழியாக மாட்டக் கூடாது. தலையை உயர்த்தித் தூங்க வேண்டும், இரண்டாம் மூன்றாம் நாள் நெற்றி வீங்கிக் கண்வரை இறங்கலாம். ஃபேக்டரியில் ட்ரையர் பக்கத்து வியர்வையும் தேயிலைத் தூசியும் இரண்டு வாரமாவது ஆகாது. மலை வெயில் குளிர்ந்த மாதிரி இருந்தாலும் புற ஊதாக் கதிர் சமவெளியைவிட அதிகம், புதுத் தோல் கறுத்துப்போகும்.

உங்கள் வகை வழுக்கைக்கு அடிப்படை மருந்து நீங்கள் மூன்று வாரத்தில் தூக்கிப் போட்டதுதான். ஆரம்பத்தில் கொட்டுவது மினாக்சிடில் வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம், இரண்டு மாதம்வரை இருக்கும். 5 சதவீதக் கரைசல், ஒரு மில்லி, காய்ந்த தலையில் காலையும் இரவும், குறைந்தது ஆறு மாதம். அதோடு டாக்டர் பெரும்பாலும் ஃபினாஸ்டெரைட் 1 மில்லிகிராம் மாத்திரையும் சேர்ப்பார். டிரான்ஸ்பிளான்ட் செய்தாலும் மிச்ச முடியைக் காக்க இவை வேண்டும்.

இங்கேதான் குல்லா திரும்ப வருகிறது. ஃபினாஸ்டெரைட் நூறில் ஓரிருவருக்குத் தாம்பத்திய ஆசையையும் செயலையும் குறைக்கும். சிலருக்கு மனச்சோர்வு வரும், தற்கொலை எண்ணம்கூட வரலாம் என்று 2025-ல் ஐரோப்பிய மருந்து முகமையே எச்சரித்திருக்கிறது. கர்ப்பமாக இருக்கும் பெண் உடைந்த மாத்திரையைக் கையால் தொடக்கூடாது, வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் ஆபத்து. இந்த மாத்திரையைப் புது மனைவிக்குத் தெரியாமல் அலமாரியில் ஒளித்து வைத்துச் சாப்பிடப் போகிறீர்களா? நாளைக்கு ஏதாவது சரியில்லை என்றால், குறை தன்னிடம்தான் என்று அந்தப் பெண் அழ வேண்டுமா? கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் உடம்பைப் பற்றி உண்மை சொல்வது மாப்பிள்ளையின் கடமை. அதைத் தரகர் சொல்ல மாட்டார், அம்மாவும் சொல்ல மாட்டார். கல்யாணப் பணம் இரண்டு வீட்டுக்கும் பொது, அவளுக்குத் தெரியாமல் அதில் 95,000 எடுக்கவும் உங்களுக்கு உரிமை இல்லை.

இந்த வாரம் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவுக்குப் போய்த் தலையைக் காட்டுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு பார்க்கச் சொன்னால் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்குப் போய் அவளிடம் நேரில் சொல்லுங்கள், டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு. குல்லா வீட்டில் இருக்கட்டும். காது குளிர்ந்தால் மஃப்ளர் கட்டிக்கொள்ளலாம், பெண் வீடு கீழே என்றால் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் அதுவும் தேவைப்படாது.