பிஸ்டன் ஏன் பிடித்தது? டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

காரைக்குடியில் முப்பது வருடமாக எஞ்சின் பிளாக்குக்கு (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) போர் போடும் வேலை, அதாவது அதன் உள்சுவரைக் கடையும் வேலை செய்கிறேன். வந்த கேள்விகளில் பிஸ்டன், பிளாக் சம்பந்தப்பட்டவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பெயின்ட், ஸ்டிக்கர் எல்லாம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

தேவகோட்டை: அண்ணே, என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் திருப்பத்தூர் ரோட்டில் ஓடும்போதே பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. ஆறியதும் கிக்கர் இறங்குகிறது. புது பிஸ்டன் போட்டால் சரியாகுமா?

விழாமல் நிறுத்தினீர்களே தம்பி, அதுவே பெரிது. பிஸ்டன் பிளாக்கில் இறுகிப் பிடித்திருக்கிறது. ஆனால் ஏன் பிடித்தது என்று தெரியாமல் புது பிஸ்டன் வாங்காதீர்கள். காரணம் உள்ளேயே இருந்தால் புதியதும் அதே வழியில்தான் போகும்.

முதலில் பிளாக்கைக் கழற்றி பிஸ்டனைப் பாருங்கள். சைலென்சர் பக்கம் மட்டும் கோடு விழுந்திருந்தால் சூடு அதிகம் அல்லது ஆயில் போதவில்லை. சுற்றிலும் நான்கு இடத்தில் தேய்ந்திருந்தால் பிளாக் விரிவதற்கு முன்பே பிஸ்டன் விரிந்திருக்கிறது. போர் இறுக்கமாக இருந்திருக்கும், இல்லையென்றால் எஞ்சின் சூடேறுவதற்குள் முறுக்கியிருப்பீர்கள். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்திருந்தால் பெரும்பாலும் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இடது பக்க கிராங்க் (எஞ்சினுக்குள் சுற்றும் தண்டு) ஆயில் சீல், கார்புரேட்டர் ரப்பர் இரண்டிலும் காற்று புகுகிறதா பாருங்கள். ஃபில்டரை எடுத்துவிட்டு ஓட்டினாலும் இதே கதிதான். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், மேல் கீழ் ஆட்டம் இருந்தால் முதல் வேலை கிராங்க்தான்.

அப்புறம் அளவு. ஸ்டாண்டர்டு போர், அதாவது பிளாக்கின் உள்விட்டம், 50 மி.மீ. மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். ஓவர்சைஸ், அதாவது அதைவிடப் பெரிய பிஸ்டன், 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. கூடுதல் என்று போகும். பிஸ்டனை முதலில் வாங்கி லேத்துக்காரர் கையில் கொடுங்கள், அந்தப் பிஸ்டனுக்குத்தான் அவர் போர் போட வேண்டும். பிஸ்டனுக்கும் பிளாக்குக்கும் நான் 0.04 மி.மீ. இடைவெளி விடுவேன். போர் போட்டதும் போர்ட் (பிளாக் சுவரில் இருக்கும் காற்று, புகை வழி) ஓரங்களின் கூர்மையை மழுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும். ஹோனிங், அதாவது கல்லால் உள்சுவரைத் தேய்ப்பது, முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவ வேண்டும். பெட்ரோலில் மட்டும் கழுவினால் கல்தூள் உள்ளேயே தங்கிவிடும்.

பூட்டும்போது பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலென்சர் பக்கம், ரிங் வாய் (இரு முனை சேரும் இடம்) அதற்குரிய பின்னில், சர்க்லிப் (பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் சின்னக் கம்பி வளையம்) புதிது. கிராங்க் வாயைத் துணியால் அடைத்துவிட்டுத்தான் சர்க்லிப்பைத் தொட வேண்டும். தொழில் பழகிய நாளில் ஒரு சர்க்லிப் என் கையிலிருந்து தெறித்து உள்ளே விழுந்தது. அதற்காக முழு எஞ்சினையும் பிரித்தேன். அன்றிலிருந்து துணி இல்லாமல் நான் பிஸ்டன் பூட்டியதில்லை.

புதுவயல்: பெட்ரோலுக்கு எவ்வளவு ஆயில் கலப்பது?

தானாக ஆயில் சேர்க்கும் ஆயில் பம்ப் கழற்றிய வண்டி என்றால் நான் சொல்வது லிட்டருக்கு 30 மில்லி, புது பிஸ்டனுக்கு முதல் 500 கி.மீ. மட்டும் 40. பம்ப் நன்றாக இருந்தால் அதைக் கழற்றாதீர்கள்.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்: கனடாவில் மகன் வைத்திருக்கும் பனிவண்டியில் ஒரு சிலிண்டர் போய்விட்டதாம். இங்கே போர் போட்டு அனுப்பலாமா?

வேண்டாம் ஆச்சி. அந்த வண்டிகள் பலவற்றில் பிளாக் அலுமினியம், உள்சுவரில் நிக்கல் பூச்சு இருக்கும். நம் லேத்தில் போட்டால் பூச்சு உரிந்துவிடும். அங்கேயே மறுபூச்சு செய்வார்கள், இல்லையென்றால் புது சிலிண்டர் போட வேண்டும். இன்னொரு சிலிண்டரையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே கிராங்கில்தான் ஓடுகின்றன. உடைந்த துண்டு கிராங்கில் கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குளிரில் காற்று கனமாக இருப்பதால் பெட்ரோல் கூடுதலாக வேண்டும், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட் சிறியதாக இருந்தால் பிஸ்டன் எரியும். ஸ்டார்ட் செய்ததும் பறக்கக் கூடாது, பிளாக் சூடேறும்வரை நிற்க வேண்டும். அங்கேயும் காரணத்தைத் தேடிவிட்டுத்தான் சாமான் வாங்க வேண்டும்.

கோட்டையூர்: வெள்ளைப் புகை நிற்கவே இல்லை. பிஸ்டன் மாற்றட்டுமா?

கியர் ஆயில் குறைகிறதா பாருங்கள். குறைந்தால் வலது பக்க கிராங்க் ஆயில் சீல் போய் அந்த ஆயில்தான் எரிகிறது. பிஸ்டனைத் தொடாதீர்கள்.

கானாடுகாத்தான்: போர் எதற்கு? கடையில் பிளாக், பிஸ்டன் சேர்ந்த புது கிட் கிடைக்கிறதே. நீங்கள் லேத்துக்காரர், அதனால் போர் போடச் சொல்கிறீர்கள்.

என் பிழைப்பு அதில்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. கம்பெனி பிளாக் இனி வரப்போவதில்லை. கைவசம் இருப்பது நான்கு ஓவர்சைஸ் தாங்கும், அதற்குப் பிறகும் ஸ்லீவ் (உள்ளே புது இரும்புக் குழாய்) அடித்து ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவரலாம். உங்கள் ஊரிலேயே பார்க்கிறீர்கள், பர்மா தேக்குத் தூணைப் பிடுங்கி காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விற்றுவிட்டுப் பிறகு அதே மாதிரித் தூணுக்கு அலைகிறார்கள். பிளாக்கைப் பழைய இரும்புக்குப் போடுவதும் அப்படித்தான்.

கொத்தமங்கலம்: நான் கிட் போட்டு மூன்று வருடம் ஓட்டுகிறேன் அண்ணே, ஒரு குறையும் இல்லை.

நல்லது. உங்களுக்கு நல்ல கிட் அமைந்திருக்கிறது. எல்லாக் கிட்டும் மோசம் என்று சொல்லவில்லை. என்னிடம் வந்தவற்றில் சிலவற்றில் போர்ட் உயரமே வேறு. பிளாக்கின் மேல் விளிம்பிலிருந்து சைலென்சர் போர்ட்டின் மேல் ஓரம்வரை வெர்னியரில் அளந்து பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போர்ட் உயர்ந்திருந்தால் கீழ் ஸ்பீடில் இழுவை போகும், தாழ்ந்திருந்தால் மேல் ஸ்பீடில் மூச்சு முட்டும்.

மறுபடியும் கானாடுகாத்தான்: அளந்து பார்த்து வாங்கினால் கிட் போடலாம் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

போடலாம். ஆனால் பழைய பிளாக்கை எறியாதீர்கள். ஆயில் தடவி, துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள். இடமில்லை என்றால் என் பட்டறையில் வையுங்கள், பெயர் எழுதி வைக்கிறேன்.

காரைக்குடி: எவ்வளவு ஆயில் கலப்பது?

புதுவயல்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருமயம்: போர் போடாமல் பிஸ்டன், ரிங் மட்டும் மாற்றலாமா?

அளந்தீர்களா? அளக்காமல் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

குன்றக்குடி: நேற்று பிஸ்டன் மாற்றினேன். நாளை இருவர் ஏறிக் கொடைக்கானல் போகலாமா? ஆயில் எவ்வளவு?

போகாதீர்கள் தம்பி. 500 கி.மீ. வரை தனியாக, பாதி ஆக்சிலரேட்டருக்குள் ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டாமல் ஏற்றி இறக்குங்கள். ஆயில் 40 மில்லி, மேலே இருக்கிறது. ஒருமுறை சூடேறி நன்றாக ஆறியதும் ஹெட் நட்டுகளைக் குறுக்கு வாட்டில் மறுபடி சரிபார்க்க வேண்டும். அப்புறம், போன பிஸ்டன் ஏன் போனது என்று நீங்கள் எழுதவே இல்லையே. அதைப் பார்த்தீர்களா?