மூன்று கேமராவில் சிக்கிய சருகுமான்

டாஸ்மேனியப் புலி அழியவில்லை, காட்டில் கட்டிவைத்த கேமராவில் குட்டியோடு சிக்கியிருக்கிறது என்று என் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நூறு ரூபாய் பந்தயம். தீர்ப்பு சொல்லுங்கள் டீச்சர்.
*– வாசகர், மதுரை*

நீங்கள் எந்தப் பக்கம் கட்டினீர்கள் என்று எழுதவில்லையே! "இருக்கிறது" என்று கட்டியிருந்தால் நூறு ரூபாயை எடுத்து வையுங்கள்.

அது 2021-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் கிளம்பிய கதை. தேடுகிறவர்கள் சிலர் கேமராவில் விழுந்த படங்களைக் காட்டி, இதோ குடும்பம் என்றார்கள். டாஸ்மேனிய அருங்காட்சியகத்துக்காக நிக் மூனி என்ற காட்டுயிர் நிபுணர் அந்தப் படங்களைப் பார்த்தார். தைலசினாக (டாஸ்மேனியப் புலியின் இன்னொரு பெயர்) இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, பேடிமெலனாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். பேடிமெலன் என்பது அந்த ஊரில் புதருக்குப் புதர் தென்படும் குட்டிக் கங்காரு வகை.

தைலசினுக்குப் பெயர்தான் புலி. உருவம் நாய், முதுகின் பின்பாதியில் வரி, வயிற்றில் குட்டி வளர்க்கும் பை. ஆட்டை அடிக்கிறது என்று சொல்லி 1888 முதல் 1909 வரை அரசே தலைக்கு ஒரு பவுண்டு பணம் கொடுத்தது. 2,184 தலைகளுக்குப் பணம் பட்டுவாடா ஆகியிருக்கிறது. கடைசியாகத் தெரிந்த ஒன்று ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில் 1936 செப்டம்பர் 7 அன்று செத்தது. அதைப் பாதுகாக்க வேண்டும் என்று சட்டம் வந்தது எப்போது தெரியுமா? அதற்கு 59 நாள் முன்பு!

அதற்குப் பிறகு தேடாமலும் இல்லை. 1967 முதல் 1973 வரை ஜெரமி கிரிஃபித் என்ற விலங்கியலாளரும் ஜேம்ஸ் மாலி என்ற பால்பண்ணைக்காரரும் தீவின் மேற்குக் கரையையே சல்லடை போட்டார்கள். தானாகப் படமெடுக்கும் கேமராவை அந்தக் காலத்திலேயே வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் சிக்கவில்லை. 1982-இல் ஹான்ஸ் நார்டிங் என்ற வனக்காவலர் மழை கொட்டும் ராத்திரியில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்து டார்ச் அடித்தார். ஆறேழு மீட்டர் தூரத்தில் தைலசின் நின்றது என்றார், வரிகள் பன்னிரண்டு என்று எண்ணியும் சொன்னார். கேமரா பை கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. எடுக்க அசைந்தால் ஓடிவிடுமே என்று கண்ணால் பார்த்தே திருப்திப்பட்டார். அவர் சொன்ன இடத்தைச் சுற்றி ரகசியமாக நீண்ட தேடல் நடந்தும் ஒரு கால்தடம்கூடக் கிடைக்கவில்லை.

நார்டிங்கைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. பல வருடம் முன்பு, உரிய அனுமதி வாங்கி, நாடுகாணிக்குக் கீழே நிலம்பூர் இறங்கும் சரிவில் இரண்டு கேமரா கட்டினேன். மனதில் இருந்தது மலபார் புனுகுப்பூனை. அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தபோது 1987-இல் மலப்புறம் பக்கம் எளயூரில் தோல் கிடைத்ததே, அந்த விலங்கு. ஒரு படத்தில் பின்னுடம்பும் வளையம் போட்ட வாலும் மட்டும் வந்தன. முதுகில் கருப்பாகச் சிலிர்த்த முடி. எனக்கு மூன்று நாள் தூக்கம் இல்லை. கல்லூரி முதல்வருக்குக் கடிதம்கூட எழுதிவிட்டேன். தபாலில் போடும் முன் எங்கள் வாட்சரிடம் படத்தைக் காட்டினேன். வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, "டீச்சரே, இது நம்ம சாதா புனுகு. மழையில நனைஞ்சு நிக்குது" என்றார். மறுபடி பார்த்தேன். ஆமாம், நனைந்துதான் இருந்தது.

அரைப்படம் கிடைத்தால் மீதியை ஆசை வரைந்துவிடும். உங்கள் தம்பியிடம் முழுப்படம் கேளுங்கள்.

கேமராவை மரத்தில் கட்டிவிட்டு வந்துவிட்டால் விலங்கு வரும்போது அதற்கு எப்படித் தெரிகிறது?
*– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்*

கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை, சூட்டை உணர்கிறது. பெட்டியின் முகப்பில் ஒரு சென்சார் இருக்கும். எதிரே உள்ள மண், இலை, பாறை இவற்றின் சூட்டிலிருந்து வேறுபட்ட ஒன்று குறுக்கே நகர்ந்தால் உடனே படமெடுக்கச் சொல்லும். ராத்திரியில் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எடுக்கும். ஆகவே சித்திரை மாத நண்பகலில் மண்ணும் மானும் ஏறக்குறைய ஒரே சூடாகிவிட்டால் கோட்டைவிடும். பாம்பு போன்றவை பெரும்பாலும் தப்பிவிடும்.

வெயிலில் சூடேறிய இலை காற்றில் ஆடினாலும் அதை விலங்கு என்று நினைத்துக்கொள்ளும். என் காலத்தில் பிலிம் சுருள்தான், 36 படம். உண்ணிச்செடிக் கிளை ஒன்றைக் கழிக்காமல் விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து ஏறி, இறங்கி, கூடலூர் ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்தேன். "என்ன மேடம், 36-ம் ஒரே செடி?" என்றார் ஸ்டுடியோக்காரர். கட்டிய அன்று காலையிலேயே சுருள் தீர்ந்திருக்கிறது. மீதி ஆறு நாளும் அதன் முன்னால் யானை நின்று நடனமாடியிருந்தாலும் எனக்குத் தெரியாது.

முழங்கால் உயரத்தில் கட்டு, எதிரே புல்லை வெட்டு, கிழக்கு மேற்கு பார்த்து வைக்காதே. இவ்வளவுதான் வித்தை.

இத்தனை பேர் தேடுகிறார்களே, அழிந்துவிட்டதாக நினைத்த விலங்கு ஒன்றாவது இப்படிக் கிடைத்திருக்கிறதா?
*– வாசகி, தென்காசி*

கிடைத்திருக்கிறது. உங்கள் ஊர் மலையில் இருக்கும் சருகுமானுக்கு உறவுக்காரன்தான். கூரன் என்றும் சொல்வார்கள். முயல் அளவு உடம்பு, கொம்பு கிடையாது, ஆணுக்கு வாயோரம் இரண்டு கோரைப்பல் நீட்டிக்கொண்டிருக்கும்.

வியட்நாமில் ந்யா சாங் பக்கம் கிடைத்த ஒரு வகைக்குப் பின்பாதி வெள்ளி பூசியதுபோல் இருந்தது. 1910-இல் ஆல்ட்ஃபீல்ட் தாமஸ் என்ற விலங்கியலாளர் அதற்குப் பெயர் வைத்தார். 1990-இல் வேட்டைக்காரர் ஒருவரிடமிருந்து ஒரு உடல் கிடைத்தது. அத்தோடு அறிவியலின் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

ஆன் ங்குயென் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் கேமராவைத் தூக்கிக்கொண்டு நேரே காட்டுக்குள் நுழையவில்லை. முதலில் ஊர்க்காரர்களிடமும் வனக்காவலர்களிடமும் போய் உட்கார்ந்தார்கள். "இங்கே எத்தனை வகைச் சருகுமான்?" என்று கேட்டார்கள். பின்பாதி சாம்பலாக இருக்கும் ஒன்றைச் சிலர் தாங்களாகவே பிரித்துச் சொன்னார்கள். அவர்கள் காட்டிய பக்கத்தில் வெறும் மூன்று கேமரா கட்டினார்கள். ஐந்து மாதத்தில் 275 படம்! பிறகு 29 கேமரா கட்டியதில் 1,881 படம். 2019 நவம்பரில் உலகத்துக்குச் சொன்னார்கள்.

1,881 படம் என்றால் 1,881 சருகுமான் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே ஆள் தினமும் அதே வழியில் நடக்கலாம். புலிக்கு வரியை வைத்து ஆள் பிரிக்கலாம், சருகுமானை எதை வைத்துப் பிரிப்பது? அந்தக் காடுகளில் கம்பிக் கண்ணி வேறு கணக்கில்லாமல் கிடக்கிறது, அதற்குச் சருகுமான், பன்றி என்ற பேதம் கிடையாது. காணாமல் போனது கிடைத்தது என்ற சந்தோஷம் இருக்கிறதே தவிர, எத்தனை மிச்சம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஒன்று கவனித்தீர்களா? விஞ்ஞானிகளுக்குத்தான் அது காணாமல் போயிருந்தது, ஊர்க்காரர்களுக்கு இல்லை. என் வெற்றிலை வாட்சர் நினைவுக்கு வருகிறார்.

இன்னொன்று: இந்தோனேசியாவின் பாப்புவாவில், சைக்ளாப்ஸ் மலையில் வாழும் எகிட்னா. முட்டையிடும் பாலூட்டி, உடம்பெல்லாம் முள், நீண்ட மூக்கு. அறிவியலிடம் இருந்தது 1961-இல் பிடித்த ஒரே ஒரு உடல். 2023-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஜேம்ஸ் கெம்ப்டன் குழு 80-க்கு மேல் கேமரா வைத்தது. பயணத்தின் கடைசி நாள், கடைசி மெமரி கார்டின் கடைசிப் படங்களில் எகிட்னா நடந்து போகிறது! அந்த மலையடிவாரத்து யோங்சு சபாரி கிராமத்தில் ஒரு வழக்கம் உண்டு. இருவருக்குள் பகை வந்தால் ஒருவரைக் காட்டில் எகிட்னா தேடவும், மற்றவரைக் கடலில் மார்லின் மீன் தேடவும் அனுப்புவார்கள். கிடைக்க வருடக்கணக்கில் ஆகும், அதற்குள் கோபம் ஆறிவிடும். நம்மூர் வாய்தாவுக்கு இது எவ்வளவோ மேல்.

ஏற்காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. நானும் ஒரு கேமரா வாங்கிக் கட்டலாமா?
*– வாசகர், சேலம்*

சொந்த நிலத்தில் தாராளமாகக் கட்டுங்கள். வேலி தாண்டிக் காப்புக்காட்டு மரத்தில் கட்டாதீர்கள், வனத்துறை அனுமதி வேண்டும். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களிடம் எங்கே கட்டியிருக்கிறது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், தெரியாமல் படமெடுப்பது மரியாதை இல்லை. அவர்களிடமே "ராத்திரி எது எந்த வழியாக வருகிறது" என்று கேட்டுக் கட்டினால் பாதி வேலை முடிந்தது. அபூர்வமாக ஏதாவது விழுந்தால் இடத்தின் பெயரோடு ஃபேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள், கண்ணி வைக்கிறவனும் அதைப் பார்க்கிறான்.

முதல் வாரம் உங்கள் வீட்டு நாய்தான் விழும். அழிக்காமல் எனக்கு அனுப்புங்கள்.