பேயைக் கொலைகாரனாக்கும் முன்

கேள்வி: அமெரிக்காவின் பழைய மேற்கு ரயில் பாதையை வைத்து ஒரு பேய்க் கொலைமர்மக் கதை எழுதி உங்களுக்கு அனுப்பினேன். மலைச் சுரங்கம் குடையும்போது இறந்துபோன சீனத் தொழிலாளி ஒருவனின் ஆவி, 1885-இல் அந்த வழியாகப் போகும் ரயிலில் பயணிகளை ஒவ்வொருவராகக் கொல்கிறது. கடைசியில் ஒரு துப்பறிவாளர் அதை அடக்குகிறார். கதையைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். பேய்க்கதை என்றாலே உங்களுக்கு இளக்காரமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இளக்காரம் துளியும் இல்லை. பேய்க்கதைகளைப் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு படித்து வளர்ந்தவன் நான். ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பெட்டியில் விளக்கு அணைகிற உங்கள் இரண்டாம் அத்தியாயத்தை, இரவு வேளையில் படித்ததால், ஒருமுறை நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டேன். கதையைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம் வேறு. அந்தப் பாதையில் யார் யாரைக் கொன்றார்கள் என்பதை உங்கள் கதை தலைகீழாக்கிவிடுகிறது.

நீங்கள் வருணிக்கும் இடம், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைமுகட்டில் சென்ட்ரல் பசிபிக் ரயில் கம்பெனி குடைந்த ஆறாம் எண் சுரங்கமாகத்தான் இருக்க வேண்டும். அதன் நீளம் 1,659 அடி, முழுவதும் கருங்கல். ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, மற்ற இருவர் மாறி மாறிச் சம்மட்டியால் அடித்துத் துளையிட்டு, அதில் வெடிமருந்தை அடைத்து வெடிக்க வைத்தார்கள். இரவும் பகலும் இப்படி உழைத்தும் ஒரு முகப்பில் நாளொன்றுக்கு ஓரடி முன்னேறுவதே பெரும்பாடாக இருந்தது. 1866–67 குளிர்காலத்தில் பனி வீடுகளையே மூடிவிட்டதால், பனிக்குள் வழி வெட்டி அதன் ஊடாகவே வேலைக்குப் போய் வந்தார்கள். பனிச்சரிவில் புதைந்தவர்களின் உடல்கள் சில, வசந்தத்தில் பனி உருகிய பிறகே கிடைத்தன. 1867 ஜூனில் வெள்ளைக்காரர்களுக்கு இணையான கூலியும் குறைந்த வேலை நேரமும் கேட்டுச் சீனர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கட்டுமானத்துக்குப் பொறுப்பாக இருந்த சார்லஸ் கிராக்கர் மலைமேல் உணவு போவதை நிறுத்திவிட்டார். ஒரு வாரத்தில் போராட்டம் அடங்கியது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்று கம்பெனி கணக்கு வைக்கவில்லை. சம்பளப் பட்டியலிலும் பெரும்பாலும் கங்காணியின் பெயர்தான் இருக்கிறது; அவருக்குக் கீழே உளி பிடித்தவர்களின் பெயர்கள் இல்லை. இன்றுவரை அந்தத் தொழிலாளர்களில் ஒருவர் தம் கைப்பட எழுதிய ஒரு கடிதம்கூடக் கண்டெடுக்கப்படவில்லை.

பேய்க்கதை எழுதுகிற நீங்கள் கவனித்திருக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தென்சீனத்தின் குவாங்தோங் மாகாணத்துக் கிராமத்தவர்கள். ஆண்டுதோறும் வாரிசுகள் வந்து கல்லறையைத் துப்புரவு செய்து படையல் வைக்காவிட்டால், இறந்தவன் பசித்த ஆவியாக அலைவான் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதனால்தான் அந்நிய மண்ணில் புதைத்தவர்களைச் சில ஆண்டுகள் கழித்துத் தோண்டி எடுத்து, எலும்புகளைச் சுத்தம் செய்து, பெட்டியில் அடுக்கி ஊருக்கு அனுப்பினார்கள். 1870 ஜூனில் சேக்ரமென்டோ நகரச் செய்தித்தாள் ஒன்று, ரயிலில் சுமார் 20,000 பவுண்டு எடையுள்ள சீனர் எலும்புகள் வந்து சேர்ந்ததாகவும், அவை ஏறத்தாழ 1,200 பேருடையவையாக இருக்கலாம் என்றும் எழுதியது. தாங்கள் போட்ட தண்டவாளத்தின் மேலேயே அவர்கள் மூட்டையாகத் திரும்பினார்கள். அந்த ஆவிக்கு வேண்டியது ஊரும் படையலும். உங்கள் கதையிலோ அதற்கு வேண்டியது பயணிகளின் கழுத்து.

சரி, கொலைக்கு வருவோம். நீங்கள் தேர்ந்தெடுத்த அதே 1885-இல், செப்டம்பர் 2 அன்று, வயோமிங் பிரதேசத்தில், அதே நெடும்பாதையின் கிழக்குப் பகுதியைப் போட்ட யூனியன் பசிபிக் என்ற இன்னொரு கம்பெனியின் தடத்தில் இருக்கும் ராக் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 28 சீனர்கள் கொல்லப்பட்டார்கள். ரயில் எஞ்சின்களுக்கு நிலக்கரி தரும் ஊர் அது. அங்கே வெள்ளைக்காரச் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை முறிப்பதற்காக 1875-இல் சீனர்களைக் கொண்டுவந்து இறக்கியது யூனியன் பசிபிக் கம்பெனிதான். பத்தாண்டுகள் கனன்ற அந்தப் பகை, அந்த ஊர் நிலக்கரிச் சுரங்கத்தின் ஆறாம் எண் குழியில் யார் எந்த இடத்தில் கரி வெட்டுவது என்ற காலைத் தகராறில் பற்றிக்கொண்டது. பிற்பகலில் ஆயுதம் ஏந்திய கூட்டம் சீனர் குடியிருப்பைச் சூழ்ந்தது. உயிர் பிழைத்த தொழிலாளர்கள் 559 பேர் நியூயார்க்கில் இருந்த சீனத் தூதரக அதிகாரிக்கு அனுப்பிய முறையீட்டில், வழியில் அகப்பட்டவர்களை நிறுத்தித் துப்பாக்கியை நீட்டிக் கைக்கடிகாரத்தையும் பணத்தையும் பறித்ததையும், பலகைப் பாலத்தின் முனையில் பெண்கள் கூடி நின்று ஆரவாரம் செய்ததையும், அவர்களில் இருவர் தாங்களே சுட்டதையும் எழுதியிருக்கிறார்கள். 79 வீடுகள் எரிந்தன. குன்றுகளுக்குள் ஓடியவர்களை ரயில்கள் பொறுக்கி எடுத்து எவன்ஸ்டன் ஊரில் சேர்த்தன. ஒரு வாரம் கழித்து, சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிறோம் என்று நம்பிச் சரக்குப் பெட்டிகளில் ஏறியவர்கள், கதவு திறந்ததும் கண்டது அதே ராக் ஸ்பிரிங்ஸைத்தான். கம்பெனி புதைத்தது போக மிஞ்சிய உடல்களை நாய்களும் பன்றிகளும் தின்றுகொண்டிருந்தன.

16 பேர் கைது செய்யப்பட்டார்கள். பட்டப்பகலில், ஊரே பார்க்க நடந்த கொலைகள் அவை. ஆனாலும், எந்த ஒரு வெள்ளைக்காரரும் எந்த ஒரு குற்றத்தையும் செய்ததாக யாராலும் சாட்சி சொல்ல முடியவில்லை என்று விசாரணை ஜூரி கூறிவிட்டது. ஒருவர் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. வெளியே வந்தவர்களை ஊர் ஆரவாரத்தோடு வரவேற்றது. பின்னர் அமெரிக்க நாடாளுமன்றம் 1,47,748 டாலர் 74 சென்ட் இழப்பீடாகக் கொடுத்தது. எரிந்த சொத்துக்குச் சென்ட் வரை கணக்குப் பார்த்த நாட்டில் 28 உயிர்களுக்கு ஒரு கொலைகாரனும் கிடைக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு உங்கள் கையெழுத்துப் பிரதியைத் திரும்பவும் புரட்டிப் பாருங்கள். கொல்லப்பட்டவனைக் கொலைகாரன் ஆக்கியிருக்கிறீர்கள். அவனை அடக்குகிற வெள்ளைக்காரத் துப்பறிவாளரை நீதிமான் ஆக்கியிருக்கிறீர்கள். அவனுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. 42 பக்கங்களிலும் அவன் ‘அந்தச் சீனன்’ மட்டுமே. சம்பளப் பட்டியல் எழுதிய குமாஸ்தா செய்ததையே நீங்களும் செய்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு உண்மையிலேயே வலித்தது. கற்பனைக்கு எல்லை போடாதீர்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். போடவில்லை. ஆவி வரட்டும், விளக்கு அணையட்டும், என் முதுகு இன்னும் ஒருமுறை சில்லிடட்டும்.

ஆனால் அந்தத் துப்பறிவாளரை ஆவியைத் தேட அனுப்பாதீர்கள். 1885 செப்டம்பரில் ராக் ஸ்பிரிங்ஸ் நிலையத்தில் அவரை இறக்கிவிடுங்கள். ஊரில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் அவர் தட்டட்டும். ஒவ்வொருவரும் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லட்டும். வாயைத் திறக்கும் ஒரே சாட்சி அந்த ஆவியாக இருக்கட்டும். அதற்கு ஒரு பெயரும் ஊரும் வையுங்கள். திருத்தி எழுதினால் எனக்கே நேரடியாக அனுப்புங்கள், வந்த அன்றே படிக்கிறேன்.