உறைநிலைப் பாதுகாப்புக்குப் பதிவு செய்யத் தயங்குவது ஏன்?

கேள்வி: இறந்தபின் உடலை உறைய வைத்து, பிற்காலத்தில் உயிர்ப்பிக்கலாம் என்று நம்பும் கிரையோனிக்ஸ் முறைக்கு மிகச் சிலரே பதிவு செய்கிறார்கள். சாவுக்கு அஞ்சாதவர் அரிது என்னும்போது, இதற்கு அறிவியல் மீதுள்ள அவநம்பிக்கை மட்டும்தான் காரணமா?

பதில்: அவநம்பிக்கைக்குப் போதிய நியாயம் இருக்கிறது. 1967 ஜனவரியில் ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியரின் உடல் முதன்முதலாக உறைய வைக்கப்பட்டது. மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் திரவ நைட்ரஜனுக்குள் வைக்கப்பட்டவர்களில் ஒருவர்கூட இதுவரை மீட்கப்படவில்லை. ஆனால் பலன் அரிதாகவே கிட்டும் கடைசிக் கட்டச் சிகிச்சைக்குச் சம்மதிக்கும் அதே மனிதர் இதை மட்டும் ஒதுக்குவதை, வெறும் வாய்ப்புக் கணக்கால் விளக்கிவிட முடியாது.

பதிவு ஆவணங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மரணம் சட்டப்படி அறிவிக்கப்பட்டவுடன் உடலை எப்படிக் குளிரவைப்பது, பாதுகாக்க வேண்டியது முழு உடலையா தலையை மட்டுமா, பலரும் இதற்கென எடுக்கும் ஆயுள் காப்பீட்டுத் தொகை அந்த நிறுவனத்துக்கு எப்படிச் சேர வேண்டும் என்பதையெல்லாம் நிதானமாகப் படித்துக் கையெழுத்திட வேண்டும். என்றோ ஒருநாள் என்று தள்ளிவைத்திருந்த சாவு அப்போது கண்ணெதிரே வந்து நிற்கிறது. உயில் எழுதுவதையே ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போடுகிறவர்கள் இதையும் ஒத்திப்போடுவதில் வியப்பில்லை. தாமாக முன்வந்து பதிய வேண்டிய எதிலும் இந்தச் சுணக்கம் உண்டு: 2003-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், உடலுறுப்புக் கொடைக்குத் தாமே பதிய வேண்டிய ஜெர்மனியில் சம்மதித்தவர்கள் சுமார் 12 சதவீதம், மறுக்காதவரைச் சம்மதித்தவராகவே கொள்ளும் ஆஸ்திரியாவில் 99 சதவீதத்துக்கும் மேல்.

இவற்றைவிட ஆழமானதாக நான் கருதுவது தனிமையின் அச்சம். கண்விழிக்கும் காலத்தில் தம்மைப் பெயர் சொல்லி அழைக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள், கற்ற தொழிலும் பேசிய மொழியும் பயன்படாமல் போகலாம் என்று எண்ணும்போது, நீளும் ஆயுள் வரமாகத் தோன்றுவதில்லை. பிரிவை ஏற்று அழுது ஆறவும் முடியாமல், திரும்பி வருவார் என்று நம்பவும் முடியாமல் குடும்பத்தார் தவிக்க நேரும் என்ற கவலையும், பிள்ளைகளுக்குப் போக வேண்டிய பணத்தைத் தமக்கே செலவிடுகிறோம் என்ற குற்றவுணர்வும் அதோடு சேர்ந்துகொள்கின்றன.

தயங்குபவரிடம், “நிச்சயம் பலிக்கும், செலவும் இல்லை என்றால் சம்மதிப்பீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். உடனே ஆம் என்பவருக்கு ஐயமும் செலவுமே தடை. அப்போதும் தயங்குபவரிடம் அறிவியலை விளக்குவதைவிட, யாரை விட்டுப் போக மனம் வரவில்லை என்று கேட்பது பொருத்தமாக இருக்கும்.