28 நாள் கெடு: 500 பவுண்டுக்குப் பயந்து 38,500 பவுண்டைச் சிக்கவைக்காதீர்கள்

கேள்வி: மில்டன் கீன்ஸ் பக்கம் கட்டப்பட்டுவரும் ஒரு வீட்டை 385,000 பவுண்டுக்குப் பேசி, 6 நாளுக்கு முன் 500 பவுண்ட் கட்டி ரிசர்வ் செய்தோம். 28 நாளுக்குள் எக்ஸ்சேஞ்ச் (இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் விற்பனை ஒப்பந்தத்தைக் கைமாற்றிக்கொள்வது) செய்யாவிட்டால் வீடு கைமாறிவிடும், 500 பவுண்டும் திரும்பாது என்கிறார்கள். வீடு முடிய இன்னும் 5 மாதமாவது ஆகுமாம். எங்கள் இருவரின் லைஃப்டைம் ஐசாவில் (முதல் வீட்டுக்குச் சேமிக்க அரசு போனஸ் தரும் கணக்கு) மொத்தம் 31,000, வங்கியில் 14,000 இருக்கிறது. அப்பா சென்னையிலிருந்து 12,000 பவுண்ட் அனுப்புகிறார். தாங்கள் சொல்லும் சொலிசிட்டரை (வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் வழக்கறிஞரை) வைத்தால்தான் கெடுவுக்குள் முடியும் என்றும் விற்பனை அலுவலகத்தில் சொல்கிறார்கள். எப்படி முடிப்பது?

பதில்: கெடுவைப் பற்றிய பயத்தை முதலில் அதன் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ரிசர்வேஷன் என்பது வீட்டை வாங்கியே தீருவேன் என்ற ஒப்பந்தம் அல்ல. குறிப்பிட்ட நாள்வரை அந்த வீட்டை வேறு யாருக்கும் விற்காமல் வைத்திருக்கத் தரும் கட்டணம், அவ்வளவுதான். இன்றைக்கு நீங்கள் விலகினால் ஆபத்தில் இருப்பது அந்த 500 பவுண்ட் மட்டும். எக்ஸ்சேஞ்ச் செய்த பிறகு விலகினால் 10% டெபாசிட், அதாவது 38,500 பவுண்ட் போகும். அவசரப்படுத்தும் கெடு முதல் தொகைக்கானது, அவசரத்தில் செய்யும் தவறு இரண்டாவது தொகையைத் தின்னும்.

உங்கள் பில்டர் நியூ ஹோம்ஸ் குவாலிட்டி கோடின் (புது வீடு விற்போருக்கான நடத்தை விதிகள்) கீழ் பதிவு செய்தவரா என்று ரிசர்வேஷன் ஒப்பந்தத்தில் பாருங்கள். பதிவு செய்தவர் என்றால், கையெழுத்திட்டதிலிருந்து 14 நாள் மனம் மாறும் உரிமை உண்டு. விடுமுறை நாட்களும் இதில் சேரும். இன்னும் 8 நாளுக்குள் எழுத்தில் விலகினால் 500 பவுண்டும் முழுதாகத் திரும்ப வேண்டும். அதன் பிறகு விலகினாலும் முழுத்தொகையையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள முடியாது. உண்மையில் செலவான நியாயமான தொகையை மட்டுமே பிடிக்கலாம். "திரும்பாது" என்று வாயால் சொன்னதை அப்படியே ஏற்காதீர்கள், எதற்கு எவ்வளவு என்று கணக்குக் கேளுங்கள். இழுத்தடித்தால் புகாரை, புது வீட்டுப் புகார்களை விசாரிக்கும் நியூ ஹோம்ஸ் ஓம்புட்ஸ்மனிடம் கொண்டுபோகலாம்.

அதே கோட் சொல்லும் இன்னொன்று: சொலிசிட்டரைத் தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. பில்டர் பரிந்துரைக்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்கள் காட்டும் சொலிசிட்டருக்கு அந்த மனைத்தொகுதியின் பத்திரங்கள் பழகியிருக்கும், வேலை வேகமாக நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் பில்டர் மாதந்தோறும் வேலை அனுப்பும் ஒருவர், "இந்தப் பிரிவு உங்களுக்குப் பாதகம், கையெழுத்திடாதீர்கள்" என்று எவ்வளவு உரக்கச் சொல்வார்? புது வீட்டு வேலை தெரிந்த, உங்களுக்குக் கடன் தரும் வங்கியின் பேனலில் (வங்கி ஏற்ற சொலிசிட்டர்கள் பட்டியல்) இருக்கிற, பில்டரோடு தொடர்பில்லாத ஒருவரை இன்றே அமர்த்துங்கள். பேனலில் இல்லாவிட்டால் வங்கி வேறொருவரைக் கேட்கும், ஒரு வாரம் அதிலேயே போய்விடும்.

இனி உங்கள் பணக்கணக்கு. நான் கவலைப்படும் இடம் இதுதான்.

லைஃப்டைம் ஐசா பணம் நேரே சொலிசிட்டரிடம் போகும். அவர் கைக்கு வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் வாங்குதல் முடிய வேண்டும். உங்கள் வீடு முடிய 5 மாதம். டெபாசிட்டுக்காக இப்போதே அதை எடுத்தால் 90 நாள் தாண்டிவிடும். சொலிசிட்டர் நீட்டிப்புக் கேட்கலாம்தான், ஆனால் கட்டுமானம் தள்ளிப்போனால் அதுவும் போதாமல் போகலாம். "பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று சொந்தக் கணக்குக்கு எடுத்துவிட்டால் 25% அபராதம். 16,000 போட்டு 4,000 அரசு போனஸோடு 20,000 ஆனவர் கையில் 15,000தான் வரும். சொந்தப் பணத்திலேயே 1,000 காலி.

எனவே எக்ஸ்சேஞ்ச் டெபாசிட்டை 5% ஆக்கும்படி இப்போதே எழுத்தில் கேளுங்கள். பல பில்டர்கள் ஒத்துக்கொள்வார்கள். 5% என்றால் 19,250. வங்கியில் உள்ள 14,000, அப்பா தருவதில் 5,250. ஐசாவைத் தொட வேண்டாம். வீடு உங்கள் கைக்கு வரும் கம்ப்ளீஷன் நெருங்கும்போது 31,000ஐயும் வீட்டு விலைக்குக் கொண்டுவாருங்கள். கணக்கு நிறுவனம் பணத்தை விடுவிக்கச் சில வாரம் ஆகலாம், எனவே விண்ணப்பம் முன்கூட்டியே போகட்டும். மொத்தம் 50,250 உங்கள் பங்கு, மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) 334,750. இந்தத் தொகையையே விண்ணப்பத்தில் போடுங்கள். அப்பாவின் மீதி 6,750இல், வீடு வாங்கும்போது கட்டும் வரியான ஸ்டாம்ப் டியூட்டி 4,250 போக, சொலிசிட்டர் செலவுக்கு 2,500 நிற்கும். ஐசா பணத்தை ஸ்டாம்ப் டியூட்டிக்குக் கட்ட முடியாது என்பதால் இந்தப் பிரிவினை முக்கியம்.

அந்த 4,250 என்பது இருவருக்கும் இது முதல் வீடு என்ற கணக்கு: 300,000 வரை வரி இல்லை, மேலே உள்ள 85,000க்கு 5%. நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். உங்களில் யாருக்காவது ஊரில் வீட்டில் பங்கு உண்டா? தாத்தா வீட்டில் கால் பங்கு, பெற்றோர் பெயரோடு சேர்த்து எழுதிய ஃபிளாட், எதுவானாலும் சரி. உலகத்தில் எங்கே வீடு இருந்தாலும் "முதல் வீடு" சலுகை போய்விடும், வரி 9,250 ஆகும். அவருடைய லைஃப்டைம் ஐசாவையும் அபராதமில்லாமல் எடுக்க முடியாது. அந்தப் பங்கு இன்றும் கையில் இருந்து, மதிப்பு 40,000 பவுண்ட் அல்லது அதற்கு மேல் என்றால் விலை முழுவதற்கும் 5% கூடுதல் வரி சேர்ந்து 28,500 வரை போகலாம். அண்மையில் வாரிசாக வந்த சிறு பங்குக்கு விலக்கு உண்டு. நம் குடும்பங்களில் இது சாதாரணமாக இருப்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன். மறைக்காமல் சொலிசிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து அப்பாவின் பணம். கெடு தவறுவதற்கு நான் காணும் பெரிய காரணம் வங்கியோ பில்டரோ அல்ல, பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான். இது அன்பளிப்பு, கடன் அல்ல, வீட்டில் எனக்கு உரிமை வேண்டாம் என்று அப்பா கையெழுத்திட்ட கடிதம், அவருடைய அடையாளச் சான்று, பணம் சேர்ந்த விதம் தெரியும் வங்கிக் கணக்குப் பட்டியல் எல்லாம் கேட்பார்கள். நிலம் விற்ற பணம் என்றால் பத்திர நகலும் வேண்டும். அவர் கணக்கிலிருந்து வங்கி வழியாகவே வரட்டும். உண்டியல் வழி வந்த பணத்தைச் சொலிசிட்டர் தொடமாட்டார். சீட்டுப் பணத்துக்கும் காகிதம் இல்லாவிட்டால் அதே கதிதான்.

இந்த வாரம் மோர்ட்கேஜ் முழு விண்ணப்பத்தைப் போட்டு, கவுன்சில் தேடல்களுக்கும் (மனை பற்றிய உள்ளாட்சிப் பதிவுகளைச் சரிபார்ப்பது) பணம் கட்டுங்கள். தரை விரிப்பு, ஸ்டாம்ப் டியூட்டி பங்கு என்று பில்டர் ஏதும் தருவதாகச் சொல்லியிருந்தால் வங்கிக்கு உரிய படிவத்தில் அது வர வேண்டும். இந்தச் சலுகைகள் விலையில் 5%க்கு மேல் போனால் பல வங்கிகள் கடனைக் குறைத்துவிடும். கடன் ஆஃபர் எத்தனை மாதம் செல்லும் என்று கேளுங்கள். 6 மாத ஆஃபரும் 5 மாதக் கட்டுமானமும் மிக நெருக்கம். எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு ஆஃபர் காலாவதியானாலும் நீங்கள் வாங்கக் கடமைப்பட்டவர்தான். எனவே நீட்டிப்பு உண்டா என்பதும், வீடு முடியாவிட்டால் டெபாசிட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நீங்கள் விலக வழிவிடும் கடைசி நாள் ஒப்பந்தத்தில் உண்டா என்பதும் தெரியாமல் கையெழுத்து வேண்டாம். வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, எந்த அளவுக்கு ஏறலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

28 நாள் எதிலிருந்து எண்ணப்படுகிறது என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். ரிசர்வ் செய்த நாளா, உங்கள் சொலிசிட்டருக்குப் பத்திரங்கள் வந்த நாளா? இரண்டாவது என்றால், பத்திரம் அனுப்ப அவர்கள் எடுக்கும் நாட்கள் உங்களுக்குச் சேரும். 20ஆம் நாளில் கடன் ஆஃபர் வராமல் இருந்தால் கெடு முடியும்வரை காத்திருக்காதீர்கள். மதிப்பீடு முடிந்த தேதி, தேடல் முடிவு வரும் தேதி, பில்டர் பதில் தராத கேள்விகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு 14 நாள் நீட்டிப்பு வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். வேலை நகர்வது தெரிந்தால் பெரும்பாலும் தருவார்கள். தராமல் வீட்டை வேறு ஒருவருக்குக் கொடுத்தால் கொடுக்கட்டும். ஆஃபர் கையில் இல்லாமல் எக்ஸ்சேஞ்ச் செய்யாதீர்கள்.