கடலடி எரிமலையைப் படித்தால் சோறு போடுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பிளஸ் டூவில் உயிரியல் படிக்கும் மகள், கடலுக்கடியில் எரிமலை பொங்கும் இடத்து நுண்ணுயிர்களைத்தான் ஆராய்வேன் என்கிறாள்; காசைப் போடலாமா? போடலாம். அந்தப் பெயரில் பட்டப்படிப்பைத் தேடி மட்டும் அலையாதீர்கள். பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி போதும்.

அவள் சொல்வது வெறும் ஆசைப் பேச்சல்ல. 1991இல் கிழக்கு பசிபிக்கில், சுமார் 2500 மீட்டர் ஆழத்தில் எரிமலைக் குழம்பு பொங்கியதும், பாறை வெடிப்புகளிலிருந்து வெள்ளைத் துணுக்குகள் குபுகுபுவென்று வந்தன. நுண்ணுயிர்களும் அவை உண்டாக்கிய கந்தகமும்தான் அவை. வெயில் எட்டாத அந்த ஆழத்தில் இந்த நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து ஆற்றலை எடுத்து, கரியமில வாயுவைக் கொண்டு உடலை வளர்க்கின்றன. ஆகவே கெமிஸ்ட்ரி கசக்கும் பிள்ளைக்கு இந்தத் துறை சரிவராது. அந்த மார்க்கை முதலில் பாருங்கள்.

கல்லூரியில் சேர்க்குமுன் லேபை நேரில் போய்ப் பாருங்கள். காற்றில்லாமல் வளர்க்கும் ஜார் இருக்கிறதா, மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். மெஷின் ஓடுகிறதா என்று கேளுங்கள். எரிமலை இடத்து நுண்ணுயிர்களில் பலவற்றுக்கு ஆக்ஸிஜன் ஆகாது. கெட்டியான ரப்பர் மூடி போட்ட பாட்டிலில் நைட்ரஜனும் கரியமில வாயுவும் நிரப்பி வளர்ப்பார்கள். உள்ளே ரெசாசுரின் சாயம் இளஞ்சிவப்பாக மாறினால் காற்று புகுந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து. கடும் சூட்டில் வாழ்பவற்றை வளர்க்க, வழக்கமான அகர் பசை சுமார் 85 டிகிரியில் இளகிவிடும் என்பதால், சூடு தாங்கும் ஜெலன் பசை வேண்டும். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி வைத்தால் எல்லாம் செத்துவிடும் என்று முதல் வருஷமே படிப்பாள்; அதே சூட்டில் பெருகும் உயிர் ஒன்றை 2003இல் அறிவித்தார்கள்!

ஆராய்ச்சி அமையாவிட்டாலும் இந்தக் கைப்பழக்கம் வீண்போகாது. மருந்து, உணவு, தண்ணீர் பரிசோதனைக் கூடங்களுக்கு இது தேவை. எண்ணெய்க் குழாயை அரிக்கும் பாக்டீரியாவைச் சோதிப்பதும் இதே காற்றில்லா முறையில்தான். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் மணலிப் பக்கம் விசாரித்துப் பாருங்கள்.

ஆராய்ச்சிதான் என்றால் பரங்கிப்பேட்டையில் எம்.எஸ்சி. கடல் உயிரியல், பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. பள்ளிக்கரணை தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் மத்ஸ்யா 6000 என்ற, ஆள் ஏறிச் செல்லும் ஆழ்கடல் வாகனத்தை 2025இல் உங்கள் பக்கத்துக் காட்டுப்பள்ளியில்தான் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். ஆனால் அங்கே இன்ஜினியர்களுக்குத்தான் வேலை அதிகம். நுண்ணுயிர் ஆராய்ச்சிக்குக் கோவாவின் தேசிய கடலியல் நிறுவனத்தையும் பார்க்கட்டும்.

பி.எச்டி. முடிய, பி.எஸ்சி.யிலிருந்து எண்ணினால் 10 வருஷமாவது ஆகும். உதவித்தொகை சில மாதம் தள்ளியும் வரும்; அந்த இடைவெளிக்கு வீட்டில் கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.