உங்களுக்கும் ஓர் ஓ.பி. சீட்டு போடுங்கள்

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆய்வக நுட்புநராக இருக்கிறேன். வயது 43, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மாதம் எட்டு இரவுப் பணி வருகிறது. மறுநாள் பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் பிடிப்பதில்லை. பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். சென்ற வாரம் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 காட்டியது. மருத்துவர்கள் நடுவிலேயே இருந்தும் உடம்பைக் கவனிக்க முடியவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: அந்த 112 எப்படி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் ஊகிக்க முடிகிறது. விடியற்காலையில் வேலை சற்று ஓய்ந்ததும் உடன் இருப்பவரிடம் கையை நீட்டி ரத்தம் எடுத்திருப்பீர்கள். வந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு, வராந்தாவில் எதிர்ப்பட்ட மருத்துவரிடம் கேட்டிருப்பீர்கள். "சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக்கொண்டே அவர் வார்டுக்குள் போயிருப்பார். மருத்துவமனை ஊழியர்கள் பலர் இப்படித்தான் வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். வராந்தா ஆலோசனையில் எடை பார்ப்பதில்லை, ரத்த அழுத்தம் பார்ப்பதில்லை, மறுபடி எப்போது வர வேண்டும் என்று சொல்லவும் ஆளில்லை.

அதனால் முதலில், விடுமுறை நாளில் ஓ.பி. சீட்டு போட்டு நோயாளியாகப் போய் உட்காருங்கள். இரண்டு மணிக்குப் பால் டீ குடித்துவிட்டு ஆறு மணிக்கு எடுத்த ரத்தம் வெறும் வயிற்று ரத்தம் ஆகாது. எட்டு மணி நேர இடைவெளி வேண்டும். தூங்காத இரவே சர்க்கரையை ஏற்றிக் காட்டவும் கூடும். வீட்டில் நன்றாகத் தூங்கி எழுந்த காலையில் மறுபடி எடுங்கள். கூடவே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி. அது 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீங்கள் சர்க்கரை நோயின் விளிம்பில் நிற்கிறீர்கள். ரத்தசோகை இருந்தால் அந்த எண் மாறிக் காட்டும் என்பது உங்களுக்கே தெரியும், ஹீமோகுளோபினையும் பாருங்கள். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா என்றும் அளந்துவிடுங்கள்.

விளிம்பிலிருந்து திரும்ப முடியும். 2006-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், அந்த நிலையில் இருந்தவர்களை மூன்றாண்டு கவனித்தார்கள். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் அது 39.

இனி தூக்கம். நடைப்பயிற்சியைவிட இதைத்தான் உங்களுக்கு முன்னால் வைப்பேன். தூங்காத உடம்பு நடக்கவும் மறுக்கும், பசியும் கட்டுக்குள் நிற்காது. பிள்ளைகள் மேல் வரும் எரிச்சலுக்கும் அதில் பங்கு உண்டு. டீயின் வேலை பல மணி நேரம் நீடிக்கும் என்பதால் கடைசி டீ இரவு ஒரு மணியோடு முடியட்டும். காலையில் வீடு போகும்போது கறுப்புக் கண்ணாடி போடுங்கள். நம் ஊர் வெயில் கண்ணில் பட்டால் மூளை பகலாகிவிட்டது என்று விழித்துக்கொள்ளும். நீங்கள் படுத்திருக்கும்போது கூரியர்காரருக்குக் கதவு திறப்பது வீட்டில் வேறொருவர் பொறுப்பு. இதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். தூக்க மாத்திரையை வார்டில் கேட்டு வாங்கிப் போடவே வேண்டாம். பணிப் பட்டியல் போடுபவரிடம் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் பணி சுழலும்படி கேளுங்கள். பின்னோக்கிச் சுழல்வதைவிட இது உடம்புக்கு எளிது.

சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிட்டுப் பணிக்குப் போங்கள். நள்ளிரவில் வாங்கி வரும் புரோட்டாவும் சால்னாவும்தான் அதிகம் கெடுக்கின்றன. இரவில் உடம்பு மாவுச்சத்தைச் சரியாகக் கையாளாது. பசித்தால் சுண்டல், மோர் போதும். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் விட வேண்டியதில்லை. பகலில் அளவாக, கூடக் காய் வைத்துச் சாப்பிடுங்கள்.

நடை, வாரத்துக்கு 150 நிமிடம். சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடமாக நடந்தாலும் கணக்கில் சேரும். தூக்கம் சரியான பிறகும் எரிச்சலோ அழுகையோ இரண்டு வாரம் நீடித்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனநல உதவிக்கான 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி மறுபடி எடுங்கள். அப்போதும் சீட்டு போட்டே எடுங்கள்.